ஜிசி தினமும் ஓடியும் குறையாத பேக்குகள்: ஒரு கிட் மிரர் பற்றிய நிகழ்வு ஆய்வு

## பின்னணி

எங்கள் நிரல்களையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் கிட் என்ற மென்பொருளின் ரெப்போ (களஞ்சியம்) ஒன்றில் வைத்திருக்கிறோம். அதன் தலைமை சர்வர் வேறோர் ஊரில் இருக்கிறது. நிரலைத் தொகுக்கும் பில்டு இயந்திரங்கள் எல்லாம் நேரே அங்கே போய் இழுத்தால் லைன் தாங்காது. அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு மிரர், அதாவது ரெப்போவின் முழுப் பிரதி, வைத்திருந்தோம். உபுண்டு 22.04 ஓடும் சாதாரண விர்ச்சுவல் மெஷின், அதோடு வந்த கிட் 2.34. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) எழுந்து தலைமை சர்வரிலிருந்து ஃபெட்ச் செய்யும், அதாவது புதியவற்றை இழுத்துவரும். பில்டு இயந்திரங்கள் மிரரிலிருந்து எடுத்துக்கொள்ளும். இரவு 2 மணிக்கு இன்னொரு கிரான் முழு ஜிசி ஓட்டும், அதாவது ரெப்போவின் உள்ளே ஒழுங்குபடுத்தும் வேலை. இவ்வளவுதான் ஏற்பாடு.

ஃபெட்ச் கட்டளைக்கு முன்னால் ஒரு டைம்அவுட் இருந்தது. 120 நொடி தாண்டினால் ப்ராசஸுக்குக் கில் சிக்னல், அதாவது 9-ஆம் எண். அதைப் போட்டவன் நான்தான். ஏழு மாதம் முன்பு லைன் பாதியில் அறுந்து, ஒரு ஃபெட்ச் இரவு முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் வந்து பார்த்த எரிச்சலில், இனி ஒரே போடாகப் போட்டுவிடட்டும் என்று 9-ஐ எழுதிவிட்டேன். அந்த வரியை நானும் மறந்தேன், மற்றவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

ரெப்போவில் அப்போது சுமார் 41 லட்சம் ஆப்ஜெக்ட்டுகள் (ஃபைல், கமிட் எனப்படும் பதிவான மாற்றம் போன்றவற்றைக் கிட் சேமிக்கும் அலகுகள்), 2,600 கிளைகளும் டேக்குகளும் (கமிட்டுகளைச் சுட்டும் பெயர்கள்).

## இன்டெக்ஸ் என்று இங்கே எதைச் சொல்கிறோம்

கிட்டில் இன்டெக்ஸ் என்றதும் பலருக்குக் கமிட்டுக்கு முன்னால் ஃபைல்களைச் சேர்த்துவைக்கும் இடம்தான் நினைவுக்கு வரும். இந்த ஆய்வில் வருவது அது இல்லை. ஆப்ஜெக்ட்டுகளைக் கட்டிவைக்கும் பேக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஓர் ஐடிஎக்ஸ் கோப்பு இருக்கும். எந்த ஆப்ஜெக்ட் பேக்கின் எந்த பைட்டில் தொடங்குகிறது என்று சொல்வது அதன் வேலை. நாம் பேசப்போவது அந்த இன்டெக்ஸைப் பற்றி.

அதன் அமைப்பு எளிமையானது. தொடக்கத்தில் 256 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை. முதல் பைட் இந்த எண்ணுக்குள் வரும் ஆப்ஜெக்ட்டுகள் மொத்தம் எத்தனை என்று ஒவ்வொரு கட்டமும் சொல்லும். அதன் பிறகு ஆப்ஜெக்ட் பெயர்கள் எல்லாம் வரிசையாக, ஒவ்வொன்றும் 20 பைட். பிறகு சரிபார்க்கும் எண் 4 பைட், பேக்கில் இருக்கும் இடம் 4 பைட். ஆக ஓர் ஆப்ஜெக்ட்டுக்கு 28 பைட். (2 ஜிபியைத் தாண்டும் பேக்குக்கு இன்னொரு பட்டியலும் சேரும். எங்களுடையது அதற்குள் அடங்கியது.)

42 என்று தொடங்கும் பெயர் ஒன்றைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். பதினாறடிமானத்தில் 42 என்றால் நம் கணக்கில் 66. 65-ஆம் கட்டத்தில் உள்ள எண்ணிலிருந்து 66-ஆம் கட்டத்தில் உள்ள எண் வரை மட்டும் பார்த்தால் போதும். 36 லட்சம் ஆப்ஜெக்ட் உள்ள பேக்கில் அந்த இடைவெளியில் ஏறக்குறைய 14,000 பெயர்கள் இருக்கும். பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் 14 தாவலில் ஆள் அகப்பட்டுவிடுவார். பேக் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தேடுவது கிட்டுக்குச் சிரமமே இல்லை.

பேக்குகளின் எண்ணிக்கை கூடினால்தான் சிரமம். ஓர் ஆப்ஜெக்ட் எந்த பேக்கில் இருக்கிறது என்று சொல்லும் பொதுப் பட்டியல் எதுவும் இயல்பாகக் கிடையாது. கடைசியாக எந்த பேக்கில் கிடைத்ததோ அதிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வோர் இன்டெக்ஸாகக் கேட்டுக்கொண்டே போகும். எந்த பேக்கிலும் இல்லாத ஆப்ஜெக்ட் என்றால் எல்லா இன்டெக்ஸையும் கேட்டு முடித்த பிறகுதான் இல்லை என்று தெரியவரும். தெருவில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று திரும்புகிற தபால்காரர் மாதிரி.

## முதலில் கண்டது

முதல் புகார் பில்டு குழுவிலிருந்து வந்தது. "காலையில் புஷ் பண்ண கமிட் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் மிரர்ல தெரியுது. உங்க பக்கம் என்னமோ சரியில்லை, கொஞ்சம் பாருங்க சார்" என்று அந்தக் குழுவின் மேடம் போன் செய்தார். ரெப்போவை முழுதாகப் பிரதி எடுக்கும் குளோன் நேரமும் மாதாமாதம் கூடிக்கொண்டே வந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியதால் அதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் முதலில் சந்தேகப்பட்டது லைனை. அதை அளந்து பார்த்ததில் குறை இல்லை. அடுத்து டிஸ்க். அதிலும் இல்லை. இதில் ஒன்றரை நாள் போனது. அந்த ஒன்றரை நாளில் யாரும் ரெப்போவின் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. தினமும் இரவு ஜிசி ஓடுகிறது, லாகில் பிழை ஒன்றும் இல்லை, ஆகவே உள்ளே சுத்தம் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர்தான், ஒரு ப்ராசஸ் என்னென்ன கோப்புகளைத் திறக்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டு ஒரு ஃபெட்ச்சைக் கவனித்தார். திரையில் ஐடிஎக்ஸ் கோப்புகளைத் திறக்கும் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. பார்த்தால் தெலுங்குப் படத்தின் எண்ட் டைட்டில் மாதிரி, முடிவதாக இல்லை. "அண்ணா, இது எத்தனை பேக் வச்சிருக்கு?" என்றார்.

அப்போதுதான் கவுன்ட்-ஆப்ஜெக்ட்ஸ் கட்டளையை விவரத்தோடு ஓட்டினோம். பேக்குகள்: 1,437. பேக்குகளுக்குள் இருக்கும் ஆப்ஜெக்ட்டுகள்: 47 லட்சம்.

முந்தைய இரவுதான் முழு ஜிசி ஓடி முடிந்திருந்தது. அது முடிந்த கையோடு இருக்க வேண்டியது ஒன்றிரண்டு பேக்குகள்தான்.

## முதல் முடிவு: எல்லா பேக்குக்கும் ஒரே இன்டெக்ஸ்

காரணம் தெரியும் முன்பே வலியைக் குறைக்கலாம் என்று முடிவு செய்தோம். பில்டு குழு காத்திருந்தது, அடுத்த நாள் அவர்களுக்கு ஒரு வெளியீடு இருந்தது.

கிட் 2.20 பதிப்பிலிருந்து மல்டி-பேக்-இன்டெக்ஸ் என்று ஒன்று உண்டு. 2018 டிசம்பரில் வந்தது. நாங்கள் பேச்சில் மிடெக்ஸ் என்போம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். எல்லா பேக்குகளில் உள்ள பெயர்களையும் ஒரே வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எத்தனையாவது பேக், அதில் எந்த இடம் என்று குறித்துவைக்கும் ஒரே கோப்பு. பேக்குகளைத் தொடாது, இடம் மாற்றாது, எதையும் நீக்காது. ஆகவே அவசரத்தில் செய்யக்கூடிய மிகப் பாதுகாப்பான காரியம் இதுதான் என்று எங்களுக்குப் பட்டது. இன்றும் அந்த முடிவு தவறில்லை என்றே நினைக்கிறேன்.

எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உடனே வித்தியாசம் தெரிந்தது. 120 நொடியில் முடியாமல் செத்துக்கொண்டிருந்த ஃபெட்ச் 20 நொடிக்குள் முடிந்தது. பில்டு குழுவுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

போகும் முன் தம்பி ஒன்றைக் கவனித்தார். மிடெக்ஸ் கோப்பின் அளவு 115 எம்பியை ஒட்டி இருந்தது. அதிலும் ஓர் ஆப்ஜெக்ட்டுக்கு 28 பைட்தான்: பெயருக்கு 20, பேக் எண்ணுக்கு 4, இடத்துக்கு 4. வகுத்தால் 41 லட்சம் வருகிறது. ஆனால் பேக்குகளைத் தனித்தனியாக எண்ணினால் 47 லட்சம். ஒரே ஆப்ஜெக்ட் எத்தனை பேக்கில் இருந்தாலும் மிடெக்ஸ் ஒரு முறைதான் எழுதும். அப்படியென்றால் 6 லட்சம் பிரதிகள் வெவ்வேறு பேக்குகளில் மறுபடி மறுபடி கிடக்கின்றன. ஏன் என்று அன்று எங்களுக்குப் புரியவில்லை.

## மறுநாள் காலை

மறுநாள் காலை 9 மணிக்கு மேடம் மறுபடி அழைத்தார். மறுபடி பழைய வேகம்.

பேக் கோப்புறையில் பார்த்தால் மிடெக்ஸ் இல்லை. யாரும் நீக்கவில்லை, லாகிலும் ஒன்றும் இல்லை. கொஞ்சம் படித்த பிறகுதான் விளங்கியது. இரவு ஜிசி ஓடும்போது, அன்று பகலில் சேர்ந்த சில பேக்குகளை ஒன்றாக்கிவிட்டுப் பழையவற்றை நீக்குகிறது. நீக்கப்படும் பேக் மிடெக்ஸில் இடம்பெற்றிருந்தால், இல்லாத பேக்கைச் சுட்டும் இன்டெக்ஸ் ஆபத்து என்று மிடெக்ஸையே சேர்த்து நீக்கிவிடும். கிட் செய்தது முழுக்கச் சரி. ஜிசிக்குப் பிறகு மிடெக்ஸை மறுபடி எழுதச் சொல்லாதது எங்கள் பிழை.

ஆனால் இதிலிருந்து ஒரு நல்ல துப்பு கிடைத்தது. ஜிசி உண்மையிலேயே ஓடுகிறது, சில பேக்குகளை ஒன்றாக்குகிறது, சிலவற்றை நீக்குகிறது. அப்படியானால் மிச்சம் 1,400 சொச்சத்தை மட்டும் ஏன் தொடவில்லை?

கோப்புறையைப் பெயர் வரிசையில் பட்டியலிட்டோம். ஐடிஎக்ஸ், கீப், பேக். ஐடிஎக்ஸ், கீப், பேக். மும்மூன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் இருந்த அந்தக் கீப் கோப்புகள் 1,429. கீப் இல்லாத பேக்குகள் எட்டே எட்டு.

ஒன்றைத் திறந்து பார்த்தோம். உள்ளே ஒரே வரி: 'ஃபெட்ச்-பேக்', ஒரு ப்ராசஸ் எண், எந்த இயந்திரத்தில் ஓடியது என்ற பெயர். இன்னொன்றைத் திறந்தால் அதே வரி, எண் மட்டும் வேறு.

## கீப் கோப்பு எதற்கு, ஏன் தங்கிவிட்டது

ஃபெட்ச்சில் 100 அல்லது அதற்கு மேல் ஆப்ஜெக்ட்டுகள் வந்தால் கிட் அவற்றைப் பிரிக்காமல் பேக்காகவே வைத்துக்கொள்ளும். அதற்குக் குறைவாக வந்தால் தனித்தனி ஆப்ஜெக்ட்டுகளாகப் பிரித்துப் போட்டுவிடும். பேக்காக வைக்கும்போது ஒரு சின்னச் சிக்கல் உண்டு. பேக் வந்து இறங்கிவிட்டது, ஆனால் கிளைகள் இன்னும் அதைச் சுட்டவில்லை. அந்த இடைவெளியில் ஜிசி வந்தால், எவரும் சுட்டாத பேக் என்று அதைக் கலைத்துவிடக்கூடும். அதைத் தடுக்கத்தான் கீப். கிளைகள் புதுப்பிக்கப்பட்டதும் ஃபெட்ச்சே அதை எடுத்துவிடும். வழக்கமாக அதன் ஆயுள் சில நொடிகள்.

ஃபெட்ச் நடுவில் நிறுத்தப்பட்டாலும் கீப்பை எடுக்க ஏற்பாடு இருக்கிறது. கன்ட்ரோல்-சி அடித்தாலோ, வழக்கமான டெர்ம் சிக்னல் வந்தாலோ, சாகும் முன் அதை நீக்கிவிட்டுத்தான் சாகும். ஆனால் 9-ஆம் சிக்னலை எந்த ப்ராசஸாலும் பிடிக்க முடியாது. சுத்தம் செய்ய ஒரு கணம்கூடக் கிடைக்காது. என் 'ஒரே போடு' விழுந்த ஒவ்வொரு முறையும் ஒரு கீப் கோப்பு அனாதையாக நின்றது.

கீப் இருக்கும் பேக்கை ஜிசி மறுகட்டு செய்யாது. நீக்கவும் செய்யாது. ஃபெட்ச்சின் முடிவில் தானாக ஓடும் ஆட்டோ ஜிசி, பேக்குகள் 50-ஐத் தாண்டினால் விழித்துக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியும். கீப் வைத்த பேக்குகள் அந்த 50-இல் சேராது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஜிசி எண்ணியது 8, தேடுதல் சுமந்தது 1,437. லாகில் பிழை இல்லாததும் இதனால்தான். அதன் கணக்கில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

பிட்மேப் கதையும் இதுவே. எங்கள் மிரர் மாதிரி, வேலை செய்யும் ஃபைல்கள் இல்லாத பேர் (bare) ரெப்போவில் முழு ஜிசி ஓடினால் குளோனை வேகப்படுத்தும் பிட்மேப் தானாக எழுதப்பட வேண்டும். ஆனால் எல்லா ஆப்ஜெக்ட்டும் ஒரே பேக்கில் இருந்தால்தான் அது முடியும். பாதிக்கு மேல் கீப் வைத்த பேக்குகளில் கிடந்ததால் கிட் சத்தமில்லாமல் அந்த வேலையை விட்டுவிட்டது. குளோன் மெதுவாகிக்கொண்டே வந்ததன் காரணம் அங்கே இருந்தது.

## சுழல்

இதில் நான் அதிக நேரம் செலவிட்டது 6 லட்சம் பிரதிகளின் மேல்தான். அது விளங்கியபோதுதான் ஏழு மாதத்தில் இது எப்படி இவ்வளவு முற்றியது என்பது புரிந்தது.

பேக் இறங்கியதும் ஃபெட்ச் ஒரு சோதனை செய்யும். வந்த கமிட்டுகளிலிருந்து நடந்து போனால், நம்மிடம் ஏற்கெனவே உள்ள கிளைகளைத் தொடும் வரை எல்லா ஆப்ஜெக்ட்டும் இருக்கிறதா என்று பார்க்கும். அதன் பிறகுதான் கிளைகளை நகர்த்தும். இந்த நடையில் ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஆப்ஜெக்ட்டைத் தேட வேண்டும். பேக் அதிகமானால் ஒவ்வொரு தேடலும் மெதுவாகும்.

ஆக நடந்தது இது. ஏதோ ஒரு நாள் பெரிய மெர்ஜ் (ஒரு கிளையை இன்னொன்றோடு சேர்ப்பது) ஒன்று வந்து, ஃபெட்ச் 120 நொடியைத் தாண்டியது. போடு விழுந்தது. பேக் தங்கியது, கீப் தங்கியது, கிளைகள் நகரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து அடுத்த ஃபெட்ச். அந்த இடைவெளியில் புதிதாக எதுவும் வரவில்லை என்றால், முன்பு இறங்கியதே எல்லாம் போதும் என்று கிட் கண்டுபிடித்துவிடும், மறுபடி இறக்காது. ஆனால் பகல் நேரத்தில் எந்தக் கிளையிலாவது எதுவாவது வந்துகொண்டேதான் இருக்கும். அப்போது கிட் தன்னிடம் இருப்பதைச் சர்வரிடம் சொல்வது கிளைகளை வைத்துத்தான். கிளைகள் நகராததால், போன முறை இறக்கிய அத்தனையும் புதியதோடு சேர்ந்து மறுபடி இறங்கும். இன்னொரு பேக். அந்த பேக்கால் சோதனை இன்னும் கொஞ்சம் மெதுவாகும். இன்னொரு போடு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் புஷ் குறைந்ததும் ஏதாவது ஒரு ஃபெட்ச் நேரத்துக்குள் முடிந்து, எல்லாம் சரியாகிவிடும். அதனால்தான் மதியத்துக்கு மேல் கமிட் தெரிந்தது, காலையில் தெரியவில்லை. கீப் கோப்புகளின் தேதிகளை மாதவாரியாக எண்ணினோம். முதல் இரண்டு மாதத்தில் விரல்விட்டு எண்ணலாம். கடைசி மாதத்தில் மட்டும் பாதிக்கு மேல்.

## தவறாக எடுத்த பேக்கப்

சுத்தம் செய்வதற்கு முன் முழு ரெப்போவையும், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் வைத்து இன்னோர் இயந்திரத்துக்கு எடுத்தோம். இரவிலேயே ஓடட்டும் என்று விட்டுவிட்டோம். காலையில் அந்தப் பிரதியில், ரெப்போ முழுமையாக இருக்கிறதா என்று சோதிக்கும் எஃப்எஸ்சிகே ஓட்டினால் ஆப்ஜெக்ட்டுகள் காணவில்லை என்று வரிசையாகப் புகார். ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது, மூல ரெப்போவே கெட்டுவிட்டதோ என்று. மூலத்தில் ஓட்டிப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை.

நடந்தது இதுதான். அன்று மாலை மிடெக்ஸை மறுபடி எழுதிவைத்திருந்தோம். ஆர்சிங்க் கோப்புறையின் பட்டியலை முதலில் எடுத்துவிட்டுப் பெயர் வரிசையில் நகலெடுக்கத் தொடங்கும். ஆங்கில அகரவரிசையில் மல்டி-பேக்-இன்டெக்ஸ் முன்னால் வரும், பேக்குகள் பின்னால். பேக்குகளிலும் ஐடிஎக்ஸ் முதலில், பேக் அப்புறம். பாதி நகலெடுத்தபோது இரவு 2 மணி ஆகி ஜிசி புகுந்தது. சில பழைய பேக்குகள் மறைந்தன. புதிய பேக் ஆர்சிங்க் கையில் இருந்த பட்டியலிலேயே இல்லை. பிரதியில் கிடைத்தது பழைய மிடெக்ஸ், அது சுட்டும் பேக்குகளில் சில இல்லை, அவற்றுக்குப் பதிலாக வந்ததும் இல்லை. கோப்புகள் மறைந்துவிட்டன என்று ஆர்சிங்க் எச்சரித்துத்தான் இருந்தது, 24 என்ற முடிவு எண்ணோடு. எங்கள் ஸ்கிரிப்ட் 24-ஐப் பொருட்படுத்தாமல் விடும்படி எழுதப்பட்டிருந்தது.

இரண்டு கிரானையும் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தோம். பிரதியில் எஃப்எஸ்சிகே சுத்தமாக வந்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனோம். ஒரு நாள் தாமதம். எடுத்த பேக்கப்பைச் சோதிக்காமல் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் அதிகம் யோசிக்க விரும்பவில்லை.

## ஒரு காலிக் கோப்பு

கிரான் நிறுத்தியாகிவிட்டது, ஃபெட்ச் எதுவும் ஓடவில்லை. அப்படியென்றால் இருக்கும் கீப் எல்லாமே அனாதை, மொத்தமாக நீக்கிவிடலாம் என்றேன். தம்பி டெர்மினலில் அழிக்கும் கட்டளையை அடித்தும் விட்டார், என்டர் தட்டவில்லை. "அண்ணா, எல்லாத்துலயும் அதே வரிதான் இருக்கான்னு ஒருவாட்டி பாத்துடலாமா?" என்றார்.

அளவுவாரியாக அடுக்கினோம். 1,428 கோப்புகளில் அதே 'ஃபெட்ச்-பேக்' வரி. ஒன்றே ஒன்று 0 பைட். தேதி மூன்று வருடம் முந்தையது. பக்கத்தில் இருந்த பேக் 1.7 ஜிபி, 36 லட்சம் ஆப்ஜெக்ட்டுகள். ரெப்போவின் அடித்தளமே அதுதான்.

அது தற்செயலாக வந்ததில்லை. முன்பு இந்த மிரரைப் பார்த்துக்கொண்டவர் கையால் வைத்தது. தினமும் முழு ஜிசி ஓடும் இடத்தில், மாறவே மாறாத 1.7 ஜிபியை ஒவ்வோர் இரவும் படித்து மறுபடி எழுதுவது வீண். அந்த பேக்குக்கு ஒரு காலிக் கீப் வைத்துவிட்டால் ஜிசி அதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் பார்க்கும். நல்ல யோசனைதான். ஆனால் அதை எங்கும் எழுதிவைக்கவில்லை. அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது.

அதை நீக்கியிருந்தாலும் டேட்டா எதுவும் போயிருக்காது. ஒரு பெரிய மறுகட்டு நடந்திருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் அதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது தெரிந்து எடுக்க வேண்டிய முடிவு. வைத்துக்கொண்டோம். பிட்மேப்புக்கு அது இடைஞ்சலாக இருக்குமே என்ற கேள்விக்கு, கிட் 2.34-இல் பதில் இருந்தது. மிடெக்ஸின் மேலேயே பிட்மேப் எழுதும் வசதி அந்தப் பதிப்பில்தான் வந்தது. எல்லாம் ஒரே பேக்கில் இருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. எங்களிடம் இருந்த பதிப்பே போதுமானதாக இருந்தது அதிர்ஷ்டம்.

## ஞாயிறு காலை

பேக்குகளை மொத்தமாக நீக்கும் நேரத்தில் யாராவது குளோன் செய்துகொண்டிருந்தால் ஆபத்து. இன்டெக்ஸைப் படித்துவிட்டு பேக்கைத் திறக்கப் போகும்போது பேக் இருக்காது. பெரும்பாலும் கிட் கோப்புறையை மறுபடி பார்த்து ஆப்ஜெக்ட்டைப் புதிய பேக்கில் கண்டுபிடித்துவிடும். ஆனால் அனுப்புவதற்குக் கட்டிக்கொண்டிருக்கும் நடுவில் என்றால் பிழையோடு விழவும் செய்யும். ஆகவே பில்டு வரிசையை நிறுத்திவைக்க ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கினோம்.

'ஃபெட்ச்-பேக்' வரி இருக்கும் கீப் கோப்புகளை மட்டும் ஒரு வேறு கோப்புறைக்கு நகர்த்தினோம். அழிக்கவில்லை, ஏதாவது ஆனால் திரும்ப வைக்கலாம் என்று. பிறகு முழு மறுகட்டு. அடித்தள பேக் கீப்பில் இருப்பதால் அது தொடப்படவில்லை. மிச்சம் 1,436 பேக்குகள் ஒன்றாக ஆகின, பிரதிகள் எல்லாம் போயின. பிறகு மிடெக்ஸும் அதன் மேல் பிட்மேப்பும். மிடெக்ஸைச் சோதிக்கும் கட்டளை, முழு எஃப்எஸ்சிகே, ஒரு புதிய குளோன். எல்லாம் முடிந்தபோது காலை டீ இரண்டு ரவுண்டு ஆகியிருந்தது. பேக்குகள்: 2.

## பிறகு

ஃபெட்ச் சாதாரண நேரத்தில் 5 நொடிக்குள் முடிகிறது. புஷ் செய்த கமிட் அடுத்த சுற்றிலேயே மிரரில் தெரிகிறது. குளோன் நேரம் பாதிக்கும் கீழே வந்தது. வேகத்தில் பெரும்பங்கு பிட்மேப்பால் வந்ததா பேக்குகள் குறைந்ததால் வந்ததா என்று நாங்கள் பிரித்து அளக்கவில்லை. இரண்டையும் ஒரே காலையில் செய்ததால் இனிப் பிரிக்கவும் முடியாது.

டைம்அவுட்டை மாற்றினோம். இப்போது 10 நிமிடம் கழித்து டெர்ம், அதற்கும் அசையாவிட்டால் இன்னும் 30 நொடி கழித்துத்தான் 9. முந்தைய ஃபெட்ச் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி ஃப்ளாக் (flock) பூட்டு ஒன்றும் போட்டோம்.

இரவு ஜிசியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் ஜியோமெட்ரிக் மறுகட்டு ஓடுகிறது. பேக்குகளை அளவு வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றும் தனக்குச் சிறியதைவிட இரண்டு மடங்காவது இருக்கும்படி சிறியவற்றை மட்டும் ஒன்றாக்கும் முறை அது. பெரியதைத் தினமும் கலைக்கத் தேவையில்லை. முடிந்ததும் அதே கட்டளை மிடெக்ஸையும் பிட்மேப்பையும் புதிதாக எழுதிவிடும். முன்பு மிடெக்ஸ் ஒரே இரவில் காணாமல் போன மாதிரி இப்போது நடக்க வழி இல்லை. எவரும் சுட்டாத ஆப்ஜெக்ட்டுகளை இது நீக்காது என்பதால் மாதம் ஒருமுறை முழு ஜிசியும் உண்டு, அதன் கடைசியில் மிடெக்ஸ் எழுதும் வரியோடு.

ஒரு கண்காணிப்பும் சேர்த்தோம். ஒரு நாளைக்கு மேல் வயதான, உள்ளே 'ஃபெட்ச்-பேக்' என்று உள்ள கீப் கோப்பு ஒன்று இருந்தாலும் எங்களுக்கு மெயில் வரும். இதுவரை ஒருமுறை வந்தது. மின்சாரம் போய் இயந்திரம் சட்டென்று நின்ற அன்று.

## மறுபடி செய்தால்

மிடெக்ஸை முதல் நாளே எழுதியதை மாற்றமாட்டேன். அது வாங்கித்தந்த ஒரு நாள் இல்லாமல் நிதானமாகக் காரணம் தேடியிருக்க முடியாது. ஆனால் அதை எழுதிய கையோடு இரவு கிரானை நிறுத்தியிருப்பேன். அது ஒன்றைச் செய்திருந்தால் மறுநாள் காலை போனும் வந்திருக்காது, பேக்கப்பும் கெட்டிருக்காது.

லைனையும் டிஸ்க்கையும் பார்த்த ஒன்றரை நாளுக்கு முன்னால் கவுன்ட்-ஆப்ஜெக்ட்ஸ் ஓட்டியிருக்க வேண்டும். அது கீப் உள்ளதையும் சேர்த்தே எண்ணும், ஒரு நொடி வேலை.

ஆர்சிங்க் ஸ்கிரிப்டில் 24-ஐ விட்டுவிடும் வரியை யார் எழுதியது என்று பார்த்தோம். அதுவும் நான்தான்.

அடித்தள பேக்கின் கீப் கோப்பு இப்போது 0 பைட் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது ஜிசிக்கு முக்கியம் இல்லை, கோப்பு இருந்தால் போதும். அதனால் தம்பி அதில் நான்கு வரி எழுதிவைத்தார்: யார் வைத்தது, எப்போது, எதற்காக, எப்போது எடுக்கலாம்.